பச்சைப் பொத்தானுக்கு முன்னால் கால் மணி நேரம்

பத்திரிகைக்காரர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். என் எழுத்துகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். சின்ன ர எங்கே வரும், பெரிய ற எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். கொல்லங்கோட்டுப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவன் நான். அச்சுக்குப் போகும் முன்பு பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததை மட்டும் நான் எழுதியபடியே விட்டுவிடுங்கள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. மாசி மாதம். எங்கள் ஊருக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், கேரளத்தின் கடைசித் தோப்பு என்று சொல்லும்படியான ஒரு தென்னந்தோப்பு. அதன் நடுவில் நிழல்வலை கட்டி, குழித் தட்டுகளில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்த்து விற்கிறார் முதலாளி. தட்டில் நிற்கும் நாற்றுக்குப் பிடி மண்கூடக் கிடையாது. வெயில் ஏறினால் மணிக்கொரு தரம் பனி மாதிரித் தண்ணீர் தெளித்தாக வேண்டும். மாசியில் மலை இடைவெளி வழியாக வரும் கிழக்குக் காற்று ஈரத் துணியை அரை மணி நேரத்தில் அப்பளமாக்கிவிடும். அந்தக் காற்றில் ஒரு மத்தியானம் தண்ணீர் தவறினால் நாற்று போய்விடும்.

எனக்குத் தொழில் தோட்டங்களில் மோட்டார் மாட்டுவது, பழுது பார்ப்பது, ஸ்டார்ட்டர் பெட்டிக்கு ஒயர் இழுப்பது. அந்தத் தோப்பிலும், பக்கத்தில் இருக்கும் முதலாளியின் பங்காளிகள் தோப்புகளிலும் பதினெட்டு வருடமாக நான்தான். அதிகம் பேச மாட்டேன். கூப்பிட்ட இடத்துக்குப் போவேன், வேலையை முடித்துவிட்டு வந்துவிடுவேன். மோட்டார் என்றால் என் பெயர்தான் முதலில் வரும் என்ற ஒரு நினைப்பு மட்டும் மனதுக்குள் சுகமாக இருந்தது.

அந்த மாசியில் முதலாளி ஓர் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சர்க்யூட் பலகைகளைச் சோதிக்கும் வேலையில் பல வருடம் இருந்தவர். மாமியார் படுக்கையில் விழுந்ததால் வேலையை விட்டுவிட்டு நெம்மாறைப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்துவிட்டாராம். மோட்டாரைப் போனிலிருந்தே ஓட்டும் பெட்டி ஒன்றைத் தயார் செய்து கொண்டுவந்திருந்தார். அந்தப் பெட்டிக்குள் கரண்ட் போனாலும் தாங்க ஒரு சின்ன பேட்டரி, தீப்பெட்டி அளவில் ஒரு மோடம். அதில் சிம் கார்டு போட ஓர் இடம், எறும்புத் தலை அளவு ஒரு விளக்கு, வெளியே நீட்டிக்கொண்டு ஓர் ஏரியல். நம் போனுக்குள் இருப்பதுதான், பேசும் வாயும் கேட்கும் காதும் இல்லாமல் தனியாக இருக்கிறது என்றார். எங்கள் பக்கம் எல்லாரும் அதைச் சிம் பெட்டி என்றே சொல்ல ஆரம்பித்தோம்.

ஒரு மாதம் அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடினால் பங்காளிகளின் தோப்புகளிலும் அதையே மாட்டலாம் என்று பேச்சு. அந்த வேலை கிடைத்தால் மாமியாரை விட்டுவிட்டு அவர் மறுபடியும் கோயம்புத்தூருக்குப் போக வேண்டியதில்லை. இதெல்லாம் அன்றைக்கே என் காதில் விழுந்தது. தெரிந்துகொண்டுதான் பிறகு எல்லாம் செய்தேன்.

முதல் நாள் அவர் கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து, பெட்டிக்கு ஒரு ஒயர் கொடுத்தார். ஏ, டி என்று இரண்டே எழுத்து தட்டினார். கீழே ஓகே என்று வந்தது.

“ஆளைக் கூப்பிட்டுப் பாக்கற மாதிரிங்கண்ணா,” என்று என்னிடம் சொன்னார். “ஓகேன்னு சொன்னா முழிச்சிருக்குதுன்னு அர்த்தம்.”

நான் வேறு பக்கம் பார்த்தேன். யாரும் கேட்காமலே எனக்குப் பாடம் எடுக்கிறாரே என்று இருந்தது. பிறகு என்னை மோட்டார் அறையின் கூரை மேல் ஏறி ஏரியலைக் கட்டச் சொன்னார். கீழேயிருந்து எண் சொல்லிக்கொண்டே இருந்தார். “ஒன்பதுங்க. இன்னும் சித்தெ மேல. இப்பப் பதினெட்டு. முப்பத்தொண்ணுதான் இதுல உச்சம், பதினெட்டே தாராளம், கட்டிருங்கண்ணா.” சிக்னலுக்கு எண் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதற்குப் பிறகு நெட்டுக்குப் போகும் வாசலின் பெயர் என்று எதையோ எழுதினார். ஒவ்வொரு சிம் கம்பெனிக்கும் ஒரு பெயராம். ஓர் எழுத்து மாறினாலும் உள்ளே விடாதாம். எல்லாம் முடிந்ததும் முதலாளி தன் போனில் விரலால் தொட்டார். மோட்டார் ஓடியது. நிழல்வலைக்குள் தண்ணீர் புகைபோல் இறங்கியது.

“பாத்தியாப்பா,” என்றார் முதலாளி என்னிடம். “இனிப் பொள்ளாச்சியில உக்காந்துக்கிட்டே மோட்டார் போடலாம். உன்ற பின்னால போன் போட்டுக்கிட்டுத் திரிய வேண்டியதில்ல.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்தேன். ஆனால் கூரையிலிருந்து இறங்கியதும் மீதி ஒயரைச் சுற்றாமலே பையில் திணித்தேன்.

பொறாமை எப்படி இருக்கும் என்று யாராவது என்னைக் கேட்டால், அது ஓயாமல் வேலை செய்யும் என்று சொல்வேன். அந்த அம்மா ஒயர் நுனியைச் சீவும் விதத்தில்கூடக் குற்றம் தேடினேன். கிடைக்கவில்லை. அதனால் இன்னும் எரிந்தது. தோப்பில் நாற்று வேலை பார்க்கும் பெண்கள் அவருக்கு முதலில் டீ கொடுத்தால் எண்ணி வைத்துக்கொள்வேன். என் ஸ்க்ரூ டிரைவரைக் கேட்டபோது பையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொன்னேன். ஒரு நாள் எங்கள் வீட்டு வழியாகப் போனவர் தண்ணீர் கேட்டு உள்ளே வந்து, என் மனைவியின் போனைச் சரி செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“ஏனுங்க, அந்தக்கா ஒரே நிமிசத்துல பண்ணிருச்சு,” என்றாள் மனைவி. “நீங்க மூணு நாளா அதப் போட்டு நோண்டிக்கிட்டு இருந்தீங்க.”

அன்றைக்கு நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். வயிறு சரியில்லை என்றேன்.

முதல் வாரம் முடிவதற்குள் பெட்டி மக்கர் செய்யத் தொடங்கியது. நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும். சில மத்தியானம் முதலாளியின் போனில் இணைப்பு இல்லை என்று வரும். பெண்கள் யாராவது ஓடிப்போய் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அமுக்குவார்கள். அந்த அம்மா ஸ்கூட்டரில் வந்து சேர்வதற்குள் எல்லாம் சரியாகிவிடும். லேப்டாப்பை மாட்டிப் பார்ப்பார். குறை ஒன்றும் தெரியாது. ஏரியலை மாற்றினார். வேறு கம்பெனி சிம் போட்டார். பலகையையே மாற்றினார். நாலு நாள் கழித்து மறுபடியும் அதே கதை.

காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது.

எல்லையில் இருக்கிறவர்களிடம் எல்லாம் இரண்டு சிம் இருக்கும். ஒன்று கேரளத்தில் வாங்கியது, இன்னொன்று தமிழ்நாட்டில் வாங்கியது. எங்கே நின்றால் எந்தப் பக்கத்து டவர் பிடிக்கும் என்பது எங்களுக்குப் பழக்கம். எங்கள் பக்கத்து டவரில் பேட்டரி பழையது. கரண்ட் போனால் அரை மணி நேரத்தில் டவரும் அடங்கிவிடும். உடனே கேரளச் சிம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து டவரைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டுக்கு நல்வரவு என்று ஒரு மெசேஜ் வரும். என் பொத்தான் போனில்கூட அது வந்துவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் சிம் லேசில் திரும்பாது, நெடுநேரம் அந்தப் பக்கமே ஒட்டிக்கொண்டிருக்கும். பெரிய போன் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த நேரத்தில் நெட் வராது. வெளிமாநிலத்தில் நெட்டுக்கு அனுமதி என்று போனுக்குள் ஒரு சுவிட்ச் இருக்கிறதாம், அதைத் தள்ளிவிட்டால் வந்துவிடும். எங்கள் ஊரில் மாடு மேய்க்கிறவருக்கும் இது தெரியும். அந்த அம்மாவின் வீடு எல்லையிலிருந்து தள்ளி உள்ளே இருந்ததால் அவருக்குத் தெரிய வழியில்லை.

அந்த முதல் வாரத்திலேயே ஒரு மத்தியானம் நான் தோப்பில் இருந்தபோது என் போனில் அந்த மெசேஜ் வந்தது. கொஞ்ச நேரத்தில் கரண்டும் வந்தது. எட்டிப் பார்த்தேன். பெட்டியின் சின்ன விளக்கு, டவர் கிடைத்தால் எப்படி மெதுவாகக் கண் சிமிட்டுமோ அப்படியே சிமிட்டியது. மோட்டார் ஓடவில்லை. அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. என்னால் புரிந்துகொள்ள முடியாத பெட்டியின் நோய் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ.

மூன்றாம் தடவை வந்தபோது அவர் நேராகவே என்னைக் கேட்டார்.

“அண்ணா, நீங்க இங்கயே பொழங்கறவங்க. அந்த நேரத்துல ஏதாச்சும் வித்தியாசமாத் தெரியுதுங்களா?”

“எனக்கென்னங்க தெரியும்,” என்றேன். “நாலாவது படிச்ச ஆளுங்க நான்.”

படிக்காதவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு எப்போதும் கூச்சமாக இருக்கும். அன்றைக்கு மட்டும் ஒரு கூச்சமும் இல்லை. நல்ல கேடயமாக இருந்தது அது.

முதலாளி அன்று அவரைப் பெண்கள் முன்னால் நிற்க வைத்துப் பேசினார். “ஒரு பிரஸ்னமும் வராதுன்னீங்க. இப்பப் பழைய மாதிரி ஆளப் போட்டு ஓட்ட வேண்டியதாப் போச்சு. அதுக்கு எதுக்குங்க இந்த டப்பா?” அந்த அம்மா தலையைக் குனிந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் நானாகவே பேச்சுக் கொடுத்தேன். தோப்பில் நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “இன்னைக்கு என்னங்க, வாயெல்லாம் தொறந்திருக்குது?” என்றாள்.

மாதக் கடைசியில் பொள்ளாச்சியில் முதலாளி வீட்டுக் கல்யாணம். தோப்புப் பெண்களும் போகிறார்கள். என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. “இன்னைக்கு ஒரு நாள் பெட்டியே பாக்கட்டும்,” என்று அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தார். “ஒழுங்கா ஓடுனா இருக்கட்டும். இல்லீன்னா நாளைக்கே கழட்டிக்கிட்டுப் போயிருங்க.”

அன்று நான் வீட்டில் இருந்தேன். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. பதினொன்றரைக்கு என் போனில் மெசேஜ் வந்தது. பன்னிரண்டரைக்குக் கரண்ட் திரும்பியது. மொபெட்டை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனேன். நாற்றைக் காப்பாற்றப் போகவில்லை. பெட்டி தோற்பதைப் பார்க்கப் போனேன்.

நான் நினைத்த மாதிரியே இருந்தது. ஸ்டார்ட்டரில் மூன்று விளக்கும் எரிந்தன, கரண்ட் இருக்கிறது. பெட்டியின் விளக்கு மெதுவாகச் சிமிட்டியது, டவரும் இருக்கிறது. மோட்டார் மட்டும் சும்மா இருந்தது. நெட்டிலிருந்து உத்தரவு வரட்டும் என்று பெட்டி காத்துக்கொண்டிருந்தது. நிழல்வலையைத் தூக்கிப் பார்த்தேன். கிழக்கு ஓரத்துத் தக்காளி நாற்றுகள் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. காற்று வலையைத் தடதடவென்று அடித்தது.

மோட்டார் அறைக்குத் திரும்பி வந்து ஸ்டார்ட்டர் முன்னால் நின்றேன். பச்சைப் பொத்தான் என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. நான் வாங்கி மாட்டிய ஸ்டார்ட்டர்தான். விரலை வைத்து அமுக்கினால் ஒரே நொடி.

அமுக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் வாடட்டும் என்று நினைத்தேன். முதலாளி வந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வாட வேண்டும். நான் அமுக்கிவிட்டால் பெட்டி தோற்றதே யாருக்கும் தெரியாமல் போய்விடும். ஒரு தடவை கை தானாகவே நீண்டது. அதை இழுத்துச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். நாற்று என்ன பாவம் செய்தது என்று ஒரு நினைப்பு வந்தது, அதையும் ஒதுக்கினேன். பெட்டியின் விளக்கு சிமிட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். போனில் மணியைப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அப்போது வாய்க்கால் மேட்டில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சத்தம் காதில் விழுந்ததும் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டேன். மனம் மாறி அமுக்கவில்லை. சும்மா நின்றவன் என்று மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று அமுக்கினேன்.

அந்த அம்மா ஓடி வந்தார். மாமியாருக்குத் தேய்த்துவிட்ட தைலத்தின் வாசனை கையோடு வந்தது. பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். மோட்டார் ஓடும் சத்தத்தையும், பொத்தான் மேல் இருந்த என் கையையும் பார்த்தார். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

“நல்ல வேளைங்கண்ணா,” என்றார். மூச்சு வாங்கியது. “போன்ல இணைப்பு இல்லீன்னு பாத்ததுமே கெளம்பிட்டனுங்க. வழியெல்லாம் நாத்து போச்சு, நாத்து போச்சுன்னே வந்தேன். நீங்க ஓடி வந்திருக்கறீங்க.”

உடனே முதலாளிக்குப் போன் போட்டார். எனக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தார். “பெட்டி நின்னுருச்சுங்க. அண்ணாதான் வந்து மோட்டார் போட்டு நாத்தக் காப்பாத்தினாரு.”

“அவன் இருந்ததுனால பொழச்சுது,” என்றார் முதலாளி. பின்னால் நாதஸ்வரம் கேட்டது. “பெட்டியக் கழட்டிருங்க.”

அந்தச் சொல்லுக்காகத்தான் நான் ஒரு மாதம் எரிந்தேன். கிடைத்துவிட்டது. வாயில் மண் விழுந்த மாதிரி இருந்தது.

அவர் எழுந்து ஸ்க்ரூவைத் திருக ஆரம்பித்தார். இரண்டு ஸ்க்ரூ கழன்றது. மூன்றாவதைத் தொடும்போது என் போனை எடுத்து அவர் முன் நீட்டினேன். அந்த மெசேஜைக் காட்டினேன். பேட்டரி, டவர், வாய்க்கால், எல்லாவற்றையும் சொன்னேன். நான் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியது எனக்கே புதிதாக இருந்தது.

அவர் லேப்டாப்பை மாட்டி எதையோ கேட்டார். பெட்டி ஐந்து என்று பதில் சொன்னது.

“ஒண்ணுன்னா சொந்த ஊருங்கண்ணா. அஞ்சுன்னா விருந்தாளி,” என்றார். “நான் எப்ப வந்தாலும் ஒண்ணுதான் காட்டுச்சு. போன எடத்துல நெட்டு கேக்கறதுக்கு நான் பெட்டிக்கு அனுமதியே குடுக்கல.” சைபர் இருந்த இடத்தில் ஒன்று போட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் போனில் இணைப்பு வந்துவிட்டது. நெட் இல்லாவிட்டாலும், கரண்ட் வந்ததும் நேரக் கணக்குப்படி தானே மோட்டாரை ஓட்டும்படியும் மாற்றி வைத்தார்.

பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார். “இது எப்பத் தெரிஞ்சுதுங்கண்ணா?”

“மொத வாரமே தெரியுமுங்க,” என்றேன்.

ஒயரைச் சுற்றினார். சுற்றி முடிந்த பிறகும் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். “சொல்லியிருக்கலாமுங்களே,” என்றார். அவ்வளவுதான். இரண்டு பேரும் போய் நாற்றைப் பார்த்தோம். மற்றதெல்லாம் சாயங்காலத்துக்குள் நிமிர்ந்துவிட்டது. கிழக்கு ஓரத்துத் தட்டுகள் நிமிரவில்லை. அந்தக் கால் மணி நேரத்தில் தண்ணீர் கிடைத்திருந்தால் அதுவும் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. அந்தத் தட்டுகளை அவர்தான் தூக்கி வெளியே வைத்தார். முதலாளி அதற்காக ஏசியபோது அவர்தான் கேட்டுக்கொண்டார்.

கோளாறைக் கண்டுபிடித்துவிட்டதாக அவர் சொன்னதும் முதலாளி இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். பெட்டி நிலைத்துவிட்டது. இன்றைக்கு அந்த வரிசையில் எல்லாத் தோப்பிலும் அவர் வைத்த பெட்டிதான். ஒயர் வேலைக்கு என்னைத்தான் கூப்பிடுகிறார். போய் இறங்கியதும், “இங்க எந்தப் பக்கத்து டவர் புடிக்குமுங்கண்ணா?” என்று கேட்டுவிட்டுத்தான் லேப்டாப்பைத் திறக்கிறார். பொறாமை போய்விட்டது என்று எழுதினால் பொய். அவர் இரண்டு எழுத்தைத் தட்டியதும் பெட்டி பதில் சொல்லும்போது எனக்கு இன்றும் உள்ளே சுருக்கென்று இருக்கிறது.

அதையும்விட ஒன்று இருக்கிறது. புதுத் தோப்புக்குப் போகும்போதெல்லாம் தோட்டக்காரரிடம் என்னைக் காட்டி, “அன்னைக்கு அண்ணா மட்டும் ஓடி வரலீன்னா அவ்வளவு நாத்தும் போயிருக்குமுங்க,” என்று சொல்கிறார். டவர் விஷயத்தை நான் மறைத்ததை ஒரு தடவைகூட யாரிடமும் சொன்னதில்லை. அவர் சொல்லும்போது நான் கையில் இருக்கும் ஒயரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். மூன்று வருடமாக நிற்கிறேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் ஸ்கூட்டர் பெட்டியில் உங்கள் பத்திரிகை எப்போதும் கிடக்கும். வாசகர் அனுபவம் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். அதனால் இங்கே சொல்கிறேன் அம்மா: அன்றைக்கு நான் ஓடி வரவில்லை. உங்களுக்கு முன்னால் கால் மணி நேரம் அங்கே சும்மா நின்றுகொண்டிருந்தேன். இதைப் படித்த பிறகு என்னைக் கூப்பிடாவிட்டால் அதுவும் சரிதான்.

பொறாமைப்பட்டவன் எதையாவது உடைப்பான், எதையாவது திருடுவான் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு சும்மா நின்றாலே போதும் என்பதை அந்தக் கால் மணி நேரம் எனக்குக் காட்டியது, இப்போதும் யாராவது என்னிடம் ஒன்று கேட்டால் தெரியாது என்று சொல்லும் முன்பு என் கை எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன்.

எழுதி முடித்த நாள்: ஆவணி பதினெட்டு, வியாழக்கிழமை.